நகம் வரைக்கும்

"எலும்புக்குள்ள முறியுது, பொழுது மாறப்போகுது"
என்பார்கள் எங்கள் பால்டிக் கரையில்.
மருந்துக்கடைக்காரி சொல்வாள், பாக்கிச் சில்லறையை எண்ணிக்கொண்டே.
கோயில் மணியடிக்கிறவர் முழங்காலைத் தடவி,
வானத்தைப் பார்க்காமலே சொல்வார்.
யார் முறித்தது என்று யாரும் கேட்பதில்லை.

என் தம்பி ப்ரூனோனுக்கு
வலது கை மோதிர விரல்.
முறித்தது நான்.

அப்பாவின் பழைய ஃபியட், பின்கதவு.
எனக்குப் பன்னிரண்டு, அவனுக்கு ஒன்பது.
ஜன்னலோர இடத்துக்குச் சண்டை.
விரல் அங்கே இருந்ததைப் பார்க்கவில்லை என்று
அம்மாவிடம் சொன்னேன்,
பாதிரியாரிடம் சொன்னேன்,
கட்டுப்போட்ட டாக்டர் கேட்காமலே
அவரிடமும் சொன்னேன்.

எலும்பு சேர்ந்தது, கொஞ்சம் கோணலாக.
அந்தக் கணுவைத் தாண்டி மோதிரம் ஏறாது.
கல்யாணத்தன்று எல்லோரும் பார்க்க
இடது கையை நீட்டினான்.

இப்போது அவன் வேபாவில், மீன் ஆலையில்.
நான் கிழக்கே, நூறு கிலோமீட்டருக்கு மேல், ஸ்டெக்னாவில்.
எங்கள் பக்கம் புயல் மேற்கிலிருந்துதான் வரும்.
முதலில் அவன் விரலுக்கு,
பிறகு என் கூரைக்கு.

"வலிக்குது" என்பான் போனில்.
நலமா என்பது கிடையாது.
"எவ்வளவு தூரம்?"
கணு வரைக்கும் என்றால் வெறும் மழை,
இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம்.
நகம் வரைக்கும் என்றால்
மரம் சாய்க்கிற காற்று.
ரேடியோ எத்தனையோ முறை தவறியிருக்கிறது.
விரல் இரண்டே முறை.

புயல் என் பிழைப்பு.
அது கடலின் அடியைக் கிளறிவிட்டுப் போன இரவில்
மார்பு வரை ரப்பர் உடுப்போடு இறங்கி
பாசிக் குவியல்மேல் ஊதா விளக்கை அடித்தால்
ஆங்காங்கே அம்பர் கண் திறக்கும்,
எந்தக் காலத்திலோ செத்த மரங்களின் பிசின்.
முட்டையளவு ஒன்று கிடைத்தால்
ஒரு மாத விறகு.
ஆக, அவன் வலியில்தான் என் அடுப்பு எரிகிறது.
கிறிஸ்துமஸுக்கு ஒரு கட்டி அனுப்புவேன்.
விற்றுவிடுகிறானா, வைத்திருக்கிறானா,
கேட்டதில்லை.

போன நவம்பரில் போன் வரவில்லை.
புயல் வந்தது.
விறகுக் கொட்டகையின் தகரத்தைப் பிடுங்கி
அடுத்த வீட்டு ஆப்பிள் மரத்தில் மாட்டியது.
நானே கூப்பிட்டேன், கத்தினேன்:
"ஏன் சொல்லலை?"
"விரல் போயிடுச்சு" என்றான்.
"மீன் தலை வெட்டுற மெஷின். செவ்வாய்க்கிழமை.
அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் இருக்கு."
அவன் பின்னால் யாரோ தட்டு கழுவினார்கள்.
"அப்ப இனிமே?"
"இனிமே ரேடியோ கேளு."

அழுதேனா?
வெட்கத்தோடு சொல்கிறேன்:
சாட்சி செத்துப்போன ஊரில்
திருடன் தூங்குவதுபோல்
அன்றிரவு தூங்கினேன்.

டிசம்பர். துடைத்துக் கவிழ்த்த தட்டுபோல் வானம்.
விடிய இன்னும் நேரமிருந்தது.
"வலிக்குது."
"எது?"
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
"அதேதான், போக்னா. இல்லாத இடத்துல.
டாக்டர் பேர் ஏதோ சொன்னார், மறந்துட்டேன்.
நகம் வரைக்கும்.
நகமே இல்ல, ஆனா நகம் வரைக்கும்."

வாயெடுத்தேன்.
அன்றைக்குக் கண்ணாடி வழியே
உன் நாலு விரலும் எனக்கு நன்றாக…
"விளக்குக்கு பேட்டரி மாத்து" என்றான்.
"போன வருஷம் பாதியில அணைஞ்சுதுன்னியே.
வடமேற்கு. ராத்திரிக்குள்ள."

மாற்றினேன்.
கடல் இன்னும் அசையவில்லை.
வாசற்படியில், ஒரு கால் பூட்ஸுக்குள்ளும்
ஒரு கால் வெளியிலுமாக
என் வலது கையை விரித்து மடக்கிப் பார்த்தேன்,
விரல் விரலாக.
எதுவும் வலிக்கவில்லை.